துவர்ப்பு

ஜென்னும் ஹைக்கூவும் நம் சிறுபத்திரிகைகளுக்குள் நுழைந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. இரண்டும் ஆங்கிலம் வழியாக வந்தன. வந்த வேகத்திலேயே இரண்டும் பாவனைகளாகவும் ஆயின. இவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த மூன்றாவது விஷயம் தேநீர். இது வெறும் சொல்லாக மட்டுமே வந்தது. புதுக்கவிதையில் தேநீர்க் கோப்பை ஆறுகிறது, ஆவி எழுகிறது, யாரோ ஒருவர் வராமல் போகிறார். எழுதியவர் எழுதி முடித்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்க் குடிப்பது டீ. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கவிதையில் வரும் அந்தத் தேநீருக்கு ருசி கிடையாது. அது ஒரு மனநிலையின் பெயர், அவ்வளவுதான்.

நான் இங்கே எழுத விரும்புவது ருசி பற்றி. ஜப்பானியப் பச்சைத் தேயிலையின் ருசி, ஒப்பிடுவதற்காக வேறு சில தேயிலைகளின் ருசி. இதை ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுதுவானேன் என்ற கேள்விக்குப் பதில் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

2021 மே மாதம் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. எனக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை டம்ளரில் இருந்த காப்பிக்கு மணம் இல்லை. சோப்புக்கு இல்லை, கற்பூரத்துக்கு இல்லை. அம்மா ஜூன் முதல் வாரத்தில் இறந்துபோனாள். அவள் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து வைத்தபோது என் தங்கை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். எனக்கு அது துணியாக இருந்தது. என் மோப்பம் பாதியாவது திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்தப் புடவைகள் பல தடவை துவைக்கப்பட்டுப் பல பேரிடம் போய்விட்டிருந்தன.

நாக்கு என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி மூக்கு என்பது அந்த மாதங்களில் ஸ்தூலமாகத் தெரிந்தது. நாக்கின் கணக்கில் இருப்பவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவையும், இகெதா கிகுனாயே என்ற ஜப்பானிய ரசாயனி 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட ஒன்றும்தான். மற்றதெல்லாம் வாசனை. இந்த ஐந்துக்கும் வெளியே இரண்டு இருக்கின்றன, காரமும் துவர்ப்பும். காரம் ஒருவகை எரிச்சல். துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. தேயிலையில் உள்ள கேட்டெச்சின் போன்ற பொருள்கள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்போது வாயின் வழவழப்பு போய்விடுகிறது. நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. இந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம். மூக்கு செத்துப்போனாலும் துவர்ப்பு சாகாது.

பால் ஊற்றிய டீ எனக்கு அப்போது இனிப்பான வெந்நீராக இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. நாம் குடிப்பது சி.டி.சி. முறையில் அரைத்த தூள். 1930-ல் அஸ்ஸாமில் புகுத்தப்பட்ட இயந்திரம், பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடுகிறது. தூள் சீக்கிரம் சாயம் இறங்கும், மலிவாகவும் கிடைக்கும், வாயைப் பிடிக்கும் துவர்ப்பும் இருக்கும். பாலில் உள்ள புரதம் எச்சிலின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு இந்தத் துவர்ப்பைக் கட்டிவிடுகிறது. மிச்சமுள்ள கசப்பைச் சர்க்கரை மூடுகிறது. பிறகு இஞ்சி, ஏலக்காய் என்று மூக்குக்கு வேலை கொடுக்கிறோம். மூக்கில்லாதவனுக்குப் பால் டீயில் மிஞ்சுவது சர்க்கரையும் சூடும்தான். இதைப் பால் டீக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மலைகளில் கொழுந்து கிள்ளியவர்களுக்கும் கீழே நகரத்தில் அதைக் குடித்தவர்களுக்கும் கட்டுப்படியான விலையில் கிடைத்த ஒரே ஆறுதல் அது. துவர்ப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு நாம் கண்ட பதில் பால் என்று மட்டுமே சொல்கிறேன்.

அந்த வருஷக் கடைசியில் ஷிஸுவோகாவில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு பார்சல் அனுப்பினான். ஏழெட்டுச் சிறு பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் தமிழில் பெயரும் தண்ணீரின் சூடும் எழுதியிருந்தான். போன் செய்து, "மாமா, கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்திடாதீங்க, ஒரு பாத்திரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினா பத்து டிகிரி குறையும். அதான் கணக்கு" என்றான். ஆற்றுவது நமக்குப் புதிதல்ல. நம் டீ மாஸ்டர் போட்ட டீயை ஆற்றுகிறார், அங்கே இலையில் படுவதற்கு முன்பே தண்ணீரை ஆற்றிவிடுகிறார்கள். அதற்கென்றே மூக்கு வைத்த ஒரு கிண்ணம் உண்டு. இந்த வரிசை மாற்றத்தில் இருக்கும் தர்க்கம் எளிமையானது. கேட்டெச்சினும் கஃபீனும் சூடு கூடக் கூட அதிகம் கரைபவை. உமாமியைத் தரும் அமினோ அமிலங்கள் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடும். ஆக, தண்ணீரின் சூட்டை மாற்றி ஒரே இலையிலிருந்து வெவ்வேறு பானங்களை எடுக்கலாம்.

அன்றாடத் தேயிலையான சென்ச்சாவை எழுபது எண்பது டிகிரியில் ஒரு நிமிஷம் ஊறவைத்தேன். கசப்பு வந்தது, அதன் பின்னால் துவர்ப்பு வந்தது, இரண்டும் போன பிறகு தொண்டையில் லேசான இனிப்பு நின்றது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த ஜாதி. சீனர்கள் இப்படித் திரும்பி வரும் இனிப்புக்கு ஹுய்கன் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழு மாதம் கழித்து வாய்க்குள் ஒரு விஷயம் ஆரம்பித்து, நடுப்பகுதிக்கு வந்து, முடிந்தது. ஆரம்பம், நடு, முடிவு உள்ள ஒன்றை மறுபடி அனுபவிப்பது எத்தகைய விஷயம் என்பதை மோப்பம் உள்ளவர்களுக்கு விளக்குவது கஷ்டம். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "அகத்திக்கீரை வெந்த தண்ணி" என்றாள். அது துல்லியமான விமர்சனம். ஜப்பானில் பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்துவிடுகிறார்கள். இலையைக் கறுக்கவைக்கும் நொதி அந்தச் சூட்டில் செயலிழப்பதால் பச்சை நிறமும் கீரையின் மணமும் தங்கிவிடுகின்றன. சீனாவில் இதே காரியத்தை இரும்புச் சட்டியில் வறுத்துச் செய்கிறார்கள், லோங்ஜிங் போன்ற இலைகளுக்கு வறுத்த கடலையின் சாயல் வருவது அதனால்தான். நொதியைப் பாதி வேலை செய்யவிட்டு நிறுத்தினால் ஊலாங், முழுக்க விட்டால் கறுப்புத் தேயிலை. செடி ஒன்றே.

பொட்டலங்களில் ஒரு தைவான் ஊலாங்கும் இருந்தது. சிறு பச்சைத் தத்துப்பூச்சி கடித்த இலையிலிருந்து செய்வது. கடிபட்ட இலை தற்காப்புக்காக உண்டாக்கும் பொருள்கள்தான் தேனையும் பழத்தையும் ஒத்த அதன் மணம் என்கிறார்கள். விலையில் அதுதான் உயர்ந்தது. எனக்கு அது வெந்நீர். அதன் கீர்த்தி முழுவதும் மூக்கில் இருந்தது.

கியோகுரோ நேர் எதிர். ஐம்பது டிகிரித் தண்ணீர், நிறைய இலை, இரண்டு மூன்று மடக்குத்தான் கிடைக்கும். நாக்கின் மேல் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. பருப்புத் தெளிவா, காளான் வெந்த நீரா என்று வார்த்தை தேடினேன். தமிழில் இதற்குப் பெயர் இல்லை. அந்த ருசி நிழலிலிருந்து வருவது. அறுவடைக்கு முன் இருபது நாள் போலச் செடியின் மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். தியனைன் என்ற அமினோ அமிலம் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது கேட்டெச்சினாக, அதாவது துவர்ப்பாக, மாறுகிறது. நிழலில் மாறாமல் நின்றுவிடுகிறது. தியனைனை முதன்முதலில் 1949-ல் பிரித்தெடுத்ததும் கியோகுரோ இலையிலிருந்துதான். துவர்ப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜப்பானியரிடமிருந்து வந்த ஒரு பதில் நிழல்.

மோப்பம் திரும்பத் தொடங்கியபோது கோணலாகத் திரும்பியது. வறுத்த எதுவும் எரிந்த ரப்பராக நாறியது. காப்பி, வெங்காயம், இலையை வறுத்துச் செய்யும் ஹோஜிச்சா, வறுத்த அரிசி கலந்த கென்மைச்சா எல்லாம் ஒரே நாற்றம். ஆவியில் வெந்த இலை ஒன்றுதான் தன் மணத்தோடு வந்தது. அது கீரை மணம்தான், ஆனால் அது அதுவாக இருந்தது.

இனி ருசியிலிருந்து சொல்லுக்கு வருகிறேன்.

ஜப்பானிய மொழியில் ஷிபுய் என்றால் துவர்ப்பான என்று பொருள். பழுக்காத சீமைப் பனிச்சைக் காயைக் கடித்தால் வருவது ஷிபுய். முகத்தைச் சுளித்தால் அதுவும் ஷிபுய் முகம். காலப்போக்கில் இதே சொல் கலையைப் பாராட்டும் சொல்லாகவும் ஆயிற்று. அலங்காரத்தை அடக்கிக்கொண்ட, தன்னை முன்னே தள்ளாத, முதல் பார்வைக்குப் பிடிகொடுக்காத அழகு ஷிபுய். மட்பாண்டம், துணியின் நிறம், நடிகனின் குரல் எதற்கும் சொல்லலாம். வாயில் விரும்பத்தகாத ஒன்று விமர்சனத்தில் உயர்ந்த புகழ்ச்சியாக மாறியிருக்கிறது.

இதில் எனக்கு வினோதமாகப் படுவது ஒன்று உண்டு. சீனாவிலிருந்து திரும்பும்போது எய்சாய் என்ற பிக்ஷு 1191-ல் தேயிலை விதை கொண்டுவந்தார் என்பது மரபு. ஜப்பானில் தேநீர் பற்றிய முதல் நூலாகச் சொல்லப்படும் கிஸ்ஸா யோஜோகியை அவர் எழுதியது 1211-ல். 1214-ல், மது அருந்திவிட்டு மறுநாள் முடியாமல் கிடந்த ஷோகுன் ஸனெதொமோவுக்கு ஒரு கிண்ணம் தேநீரையும் அந்த நூலையும் சேர்த்துக் கொடுத்தார். நூலின் வாதம் வைத்திய வாதம். ஐந்து உறுப்புகளுக்கு ஐந்து சுவைகள். இதயத்துக்கு உரியது கசப்பு. நம் நாட்டார் கசப்பே சாப்பிடுவதில்லை, அதனால் நோயாளிகளாக இருக்கிறார்கள், தேநீர் குடியுங்கள் என்பது சாரம். அந்தச் சீனப் பட்டியலில் துவர்ப்பு கிடையாது. நம் பட்டியலில் உண்டு. அறுசுவையில் ஒன்று என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பட்டியலில் துவர்ப்பு இல்லாதவர்கள் அதிலிருந்து ஓர் அழகியலை உண்டாக்கிக்கொண்டார்கள். பட்டியலில் வைத்திருந்த நாம் அதைப் பாக்கோடும் வாழைப்பூவோடும் விட்டுவிட்டோம்.

சொல் நம்மிடமிருந்து போகவில்லை என்பதும் இல்லை. கஷாயம் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்குத் துவர்ப்பு என்றும், காவி நிறம் என்றும் பொருள். தமிழிலும் துவர் அப்படியே, துவராடை துறவியின் காவி உடை. கஷாயம் சீனாவைக் கடந்து ஜப்பானுக்குப் போய்க் கேஸா ஆயிற்று, பிக்ஷுவின் மேலாடைக்குப் பெயர். நம் வீட்டில் அதே சொல் சுக்கு மிளகு கொதிக்கவைத்த மருந்தாகத் தங்கிவிட்டது. எய்சாய் அந்தக் கேஸாவை அணிந்துகொண்டுதான் தேநீரை மருந்தாக எழுதினார். போதிதர்மர் கண்ணிமையை அறுத்தெறிந்த இடத்தில் தேயிலை முளைத்தது, அவர் காஞ்சிக்காரர் என்று பெருமைப்படுவோருக்கு இந்தச் சொல்லின் பயணம் போதாது. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

நம் விமர்சனம் எந்தப் புலனால் நடக்கிறது என்று பார்த்தால், மூக்கால் நடக்கிறது. மண்வாசனை என்ற ஒரு சொல் எத்தனை நாவல்களைக் காப்பாற்றியிருக்கிறது! கவிதை மணக்கிறது, நடை கமழ்கிறது, தொகுப்பில் ஒரு சுகந்தம் வீசுகிறது. வாசனை என்பதற்குப் பூர்வ ஜன்மத்தின் மிச்சம் என்றும் பொருள் உண்டு. ஆக, மணக்கிறது என்று நாம் சொல்லும்போது ஏற்கெனவே தெரிந்த ஒன்று நினைவுக்கு வருகிறது என்றுதான் பல சமயம் சொல்கிறோம். ஊர், பாட்டி, மழை. மூக்கு இல்லாத அந்த ஒன்றரை வருஷமும் நான் கவிதை படித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது எனக்கு ஏற்பட்ட ஒரு சந்தேகம் இன்றும் போகவில்லை. மணத்தை எடுத்துவிட்டால் நிற்கக்கூடியவை நம்மிடம் எத்தனை? அந்த ஊலாங்கைப் போல எவ்வளவோ வரிகள் வெந்நீராகிவிடுகின்றன. நகுலனின் சில பக்கங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மணம் கிடையாது. வாயை வறட்டுகின்றன, பிடிகொடுப்பதில்லை, முடித்துவிட்டு எழுந்துபோய்ப் பச்சைத் தண்ணீர் குடித்தால் இனிக்கிறது. இதை மனவறட்சி என்று சொல்லித் தள்ளியவர்களிடம் துவர்ப்புக்கு வேறு சொல் இல்லை என்பதே விஷயம்.

ஷிபுய்யையும் பாவனையாக்க முடியும். ஆக்கியிருக்கிறார்கள். சென் நோ ரிக்யூ இரண்டே பாய் அளவில் தேநீர் அறை கட்டினார். அவர் சேவகம் செய்த ஹிதெயோஷி தங்கத் தகடு வேய்ந்த தேநீர் அறையை 1586-ல் சக்கரவர்த்தியின் மாளிகைக்குத் தூக்கிக்கொண்டு போனான். 1591-ல் ரிக்யூ ஹிதெயோஷியின் கட்டளைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். எளிமை அதிகாரத்தோடு ஒரே பாயில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. ரிக்யூவின் எளிமை பின்னால் பரம்பரைப் பீடங்களின் சொத்தாயிற்று. கவாபாட்டா 1968-ல் நோபல் உரையில், தன் ஆயிரம் கொக்குகள் நாவலைத் தேநீர்ச் சடங்கின் அழகைப் போற்றுவதாகப் படிப்பது பிசகு, இன்று அது இறங்கிவிட்ட கொச்சைத்தனத்தைச் சந்தேகித்து எச்சரிப்பது அது என்றார். ஓகாகுரா 1906-ல் தேநீர்ப் புத்தகத்தை ஆங்கிலத்தில், அமெரிக்கர்களுக்காக எழுதினார். நாம் கடன் வாங்கிய தேநீர் அந்த அலமாரியிலிருந்து வந்தது.

எனக்கு வேண்டியவர்கள் வேறு இருவர். ஒருவர் நகதானி சோயென், உஜிக்கு அருகில் இருந்த விவசாயி. அதுவரை சாதாரண ஜனங்கள் குடித்தது பழுப்பான முரட்டு இலைக் கஷாயம். பச்சை நிறத் தேயிலை என்பது மாச்சாப் பொடி குடிப்பவர்களுக்கு உரியது. பல வருஷ முயற்சிக்குப் பிறகு 1738-ல் இவர் இளந்தளிரை ஆவியில் வேகவைத்து, சூடான மேடையில் கையால் உருட்டி உலர்த்தும் முறையைக் கண்டார். இன்றைய சென்ச்சா அது. இன்னொருவர் பைஸாவோ, 1675-ல் பிறந்த ஒபாகு பிக்ஷு. மடத்தை விட்டு வெளியேறி, கியோத்தோவில் தோளில் சுமந்து திரிந்து தேநீர் விற்றார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டாலும் சரி. முதுமையில், 1755-ல், தன் பாத்திரங்களைத் தானே எரித்துவிட்டார். தமக்குப் பின் அவை பூஜைப் பொருளாவதையும் விலைபோவதையும் அவர் விரும்பவில்லை. ரிக்யூவின் கிண்ணங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவருடையது சாம்பல். சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த இருவரில் யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்று அங்கேயும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. மாகினோஹாரா மேட்டுநிலம், 1869 முதல் எஜமானை இழந்த சாமுராய்களும், ஓய் ஆற்றில் ஆட்களைத் தோளில் சுமந்து கடத்திப் பிழைத்துத் தொழில் போனவர்களும் கொத்தித் திருத்தியது. அதை உள்ளடக்கிய ஷிஸுவோகா, 2024-ல் கச்சாத் தேயிலை உற்பத்தியில் ககோஷிமாவுக்குப் பின்னால் போய்விட்டது. செங்குத்துச் சரிவில் வயதானவர்கள் விட்டுப்போன தோட்டங்கள் காடாகின்றன என்று தங்கை மகன் சொல்கிறான். மாச்சாவுக்கோ 2024 முதல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. ஒரு கல் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு அரைப்பது சுமார் நாற்பது கிராம். அதைப் பாலிலும் சர்க்கரையிலும் கலந்து உலகம் குடிக்கிறது. நிழலால் துவர்ப்பைக் குறைத்த இலைக்கு மேல் பாலும் வந்து சேர்ந்திருக்கிறது.

என் மோப்பம் இனி இதற்கு மேல் வராது என்கிறார் டாக்டர். முக்கால் பங்கு இருக்கிறது. மணம் என்ற சொல்லை மதிப்புரைகளில் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன், அது தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசுவதாகும் என்பதால். காலையில் சென்ச்சா. தங்கை வந்தால் பால் டீ. ஷிபுய் என்ற சொல்லை இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வந்தால் அதுவும் ஜென்னுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொல் நம்மிடம் இருக்கிறது. இதுவரை அதைப் பாக்கோடு சேர்த்துத் துப்பிக்கொண்டிருக்கிறோம்.